கல்லூரி என்.சி.சி.யில் தொடங்கிப் பரங்கிமலை வரை: ராணுவ அதிகாரியாக விரும்புவோருக்கு முழுமையான வழிகாட்டி

ஒவ்வொரு ஜூலையிலும் இறுதியாண்டு மாணவர் யாராவது ஒருவர் என் அறைக்கு வந்து நிற்பார். "சார், ஆர்மி ஆபீசர் ஆகணும். என்.சி.சி.ல சேத்துக்குங்க." உடம்பு இருக்கும், ஆசையும் இருக்கும். ஆனால் இரண்டு வருடம் தாமதமாக வந்திருப்பார். அவரைத் திருப்பி அனுப்புவதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை.

நான் கல்லூரியில் மூன்று வருடம் கேடட், அதாவது என்.சி.சி. மாணவன். ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் ஐந்து நாள் தேர்வான எஸ்.எஸ்.பி.க்கு இரண்டு முறை போய்த் தேர்வாகாமல் திரும்பியவன். இப்போது கல்லூரி ஒன்றில் பாடம் நடத்திக்கொண்டு என்.சி.சி. பொறுப்பு அதிகாரியாகவும், அதாவது ஏ.என்.ஓ.வாகவும் இருக்கிறேன். கடைசிப் படியை நான் தாண்டவில்லை. தாண்டிய பிள்ளைகளையும் நடுவில் சறுக்கியவர்களையும் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். சறுக்கியவர்களில் பெரும்பாலோருக்குத் திறமை குறைவு இல்லை. படிகளின் வரிசைதான் தெரியவில்லை.

இங்கே சொல்லப்போவது ஒரே ஒரு வழி: கல்லூரி என்.சி.சி., அதன் உயர்ந்த சான்றிதழான சி சர்டிபிகேட், அதை வைத்திருப்பவர்களுக்கான என்.சி.சி. ஸ்பெஷல் என்ட்ரி, எஸ்.எஸ்.பி., பிறகு சென்னை பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமி, சுருக்கமாக ஓ.டி.ஏ. எழுத்துத் தேர்வு இல்லாமல் நேராக எஸ்.எஸ்.பி.க்குப் போகலாம் என்பதுதான் இதன் பெரிய லாபம்.

1. முதலில் பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள்

ஸ்பெஷல் என்ட்ரிக்கு, அறிவிப்பில் சொல்லும் தேதியில் வயது 19 முதல் 25-க்குள் இருக்க வேண்டும். திருமணம் ஆகியிருக்கக் கூடாது. பட்டப்படிப்பில் மொத்தமாக 50 சதவீதம் வேண்டும். என்.சி.சி. சி சர்டிபிகேட்டில் குறைந்தது பி கிரேடு வேண்டும். ஆண், பெண் இருவரும் விண்ணப்பிக்கலாம்.

சி தேர்வை மூன்றாம் ஆண்டில் எழுதுகிறோம். அதற்கு பி சர்டிபிகேட் கையில் இருக்க வேண்டும், அதை இரண்டாம் ஆண்டில் எழுத வேண்டும். இரண்டுக்கும் கேம்ப் போயிருக்க வேண்டும், பரேடு வருகையும் வேண்டும். ஆக, மூன்று வருடப் பட்டப்படிப்பு படிப்பவர் முதலாம் ஆண்டின் முதல் சில வாரங்களிலேயே சேர்ந்தாக வேண்டும். பொறியியல் மாணவர்களுக்கு நான்கு வருடம் இருப்பதால் கொஞ்சம் மூச்சு விடலாம், அவ்வளவுதான்.

பிளஸ் டூ முடித்துக் கல்லூரி தேடிக்கொண்டிருப்பவர்கள் அங்கே என்.சி.சி. யூனிட் உண்டா, அது தரைப்படை, கடற்படை, விமானப்படை ஆகிய மூன்றில் எது என்று கேட்டுவிட்டு சீட் வாங்குங்கள். சேர்ந்த பிறகு கேட்டுப் பயனில்லை.

2. பெயரைச் சரிசெய்யுங்கள்

எல்லா வழிகாட்டியிலும் 'ஆவணங்களைத் தயாராக வைக்கவும்' என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்த ஒரு வரி போதாது. காரணம் இனிஷியல்.

பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் 'கார்த்திக் எஸ்' என்று இருக்கும். ஆதாரில் 'எஸ். கார்த்திக்'. பான் அட்டையில் இனிஷியலை விரித்து 'செல்வம் கார்த்திக்'. வங்கிப் புத்தகத்தில் வெறும் 'கார்த்திக்'. நமக்கு நான்கும் ஒரே ஆள்தான். கணினிக்கும், வடக்கே உட்கார்ந்து சான்றிதழ் சரிபார்ப்பவருக்கும் நான்கு ஆட்கள்.

பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலையே மூலமாக வைத்துக்கொள்ளுங்கள். பெயர், அப்பா பெயர், அம்மா பெயர், பிறந்த தேதி எல்லாவற்றையும் அதில் உள்ளபடி மற்றவற்றில் மாற்றுங்கள். ஆதாரை மாற்றுவது சுலபம், மதிப்பெண் பட்டியலை மாற்றுவது சுலபமில்லை. பெயரே வேறாக இருந்தால் அரசிதழில் வெளியிட வேண்டிவரும். அதற்கு நாளாகும், இப்போதே தொடங்குங்கள்.

இதை ஏன் சேரும் முன்பே செய்யச் சொல்கிறேன் என்றால், சேர்க்கை விண்ணப்பத்தில் நீங்கள் எழுதும் பெயர்தான் மூன்று வருடம் கழித்து சி சர்டிபிகேட்டில் அச்சாகி வரும். அதைத் திருத்த, கல்லூரி யூனிட்டுகளைக் கவனிக்கும் பட்டாலியன் அலுவலகத்துக்கு நடக்கும் நடைக்கு நான்கு முறை உடல்தகுதித் தேர்வான பி.எஃப்.டி. ஓடிவிடலாம்.

கூடவே உங்கள் பெயரிலேயே ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு ஒன்று வேண்டும். சீருடைக்கான தொகை கணக்குக்குத்தான் வரும். அப்பா கணக்கைக் கொடுக்காதீர்கள். ரத்த வகை, உடம்பில் உள்ள இரண்டு மச்சம் அல்லது தழும்பு, மருத்துவச் சான்று, பெற்றோர் சம்மதம் இவையும் கேட்பார்கள். மச்சத்தைக் கேட்கும்போதுதான் பலர் சட்டையைத் தூக்கித் தேடுகிறார்கள்!

3. சேர்க்கை நாள்

கல்லூரி திறந்ததும் அறிவிப்புப் பலகையைப் பார்த்துக் காத்திருக்காதீர்கள். ஏ.என்.ஓ. யார் என்று விசாரித்து நேரில் போய்ப் பாருங்கள். சீனியர் கேடட்களையும் பிடித்துவையுங்கள், தேதி அவர்களுக்கு முன்பே தெரியும்.

தேர்வு பெரும்பாலும் உயரம், எடை, ஓட்டம், புஷ்-அப், ஒரு சின்ன நேர்காணல் என்று இருக்கும். பட்டாலியனிலிருந்து ராணுவப் பயிற்றுநர்கள் வருவார்கள், பி.ஐ. ஸ்டாஃப் என்று சொல்வோம். அவர்கள் பார்ப்பது நீங்கள் முதலாவதாக வருகிறீர்களா என்பதைவிட, பாதியில் நின்றுவிடுகிறீர்களா என்பதைத்தான். கடைசியாக வந்தாலும் ஓடி முடித்தவரை எடுத்திருக்கிறார்கள். வேகமாகத் தொடங்கிப் பாதியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரை விட்டிருக்கிறார்கள்.

அன்றைக்குப் புது ஷூ போட வேண்டாம், கால் கொப்பளித்துவிடும். வெறும் வயிற்றோடும் வர வேண்டாம். இரண்டு வாழைப்பழம் போதும்.

பெயர் பட்டியலில் வரவில்லையா? போய்விடாதீர்கள். முடியை ஒட்ட வெட்டச் சொன்ன மறுநாள் நான்கைந்து பேர் காணாமல் போவார்கள். சனிக்கிழமை காலையில் ஆறு மணிக்கு வரச் சொன்னதும் இன்னும் இரண்டு பேர். அந்த முதல் மாதம் ஏ.என்.ஓ. கண்ணில் படும்படி மைதானத்து ஓரத்தில் நின்றவர்களை நானே எடுத்திருக்கிறேன்.

4. முதல் வருடம்: பரேடைத் தவறவிடாதீர்கள்

பி, சி தேர்வு எழுத 75 சதவீதப் பரேடு வருகை வேண்டும். வருடம் முடியும்போது கணக்குப் பார்த்தால் எல்லாருக்கும் அதிர்ச்சிதான். எனவே உங்கள் கணக்கை நீங்களே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். லேப் இருக்கும் நாளில் பரேடு வந்தால் முன்கூட்டியே துறையில் ஓ.டி. (ஆன் டியூட்டி) கடிதம் கொடுத்துவிடுங்கள். பரேடு முடிந்தபின் கொண்டுபோனால் கையெழுத்து கிடைக்காது, உள்மதிப்பெண்ணும் போகும்.

கட்டளைகள் எல்லாம் இந்தியில். அர்த்தம் பார்த்துப் பயப்பட வேண்டாம், ஒலியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். சாவ்தான் என்றால் விறைப்பாக நில். விஷ்ராம் என்றால் காலை அகட்டி நில். தாஹினே மூட் வலப்பக்கம், பாயே மூட் இடப்பக்கம், பீச்சே மூட் பின்பக்கம். தேஜ் சல் நட, தம் நில். புதியவர்கள் பத்துப் பேரில் இரண்டு பேருக்காவது நடக்கும்போது கையும் காலும் ஒரே பக்கம் போகும். யோசித்து நடப்பதால் வருவது அது. பேசிக்கொண்டே சாதாரணமாக நடந்து, அப்படியே வேகத்தைக் கூட்டினால் தானாகச் சரியாகும்.

புது பெரே தொப்பி தோசைக்கல் மாதிரி தலையில் நிற்கும். வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, தலையில் வைத்து வலப்பக்கம் இழுத்துப் படியவிட்டு, அப்படியே காயவிடுங்கள். பூட்ஸுக்குப் பாலிஷை மெல்லிய பூச்சாகப் பல முறை போட்டு, பஞ்சில் ஒரு சொட்டுத் தண்ணீர் தொட்டு வட்டமாகத் தேயுங்கள். மொத்தமாக அப்பினால் வெயிலில் வெடித்துவிடும்.

பரேடு முடிந்து கொடுக்கும் டிபனுக்காகவே வருபவர்களும் உண்டு. நானும் ஆரம்பத்தில் அப்படி வந்தவன்தான்.

5. கேம்ப், பி, சி: இங்கேதான் சங்கிலி அறுகிறது

பி தேர்வுக்கு ஒரு கேம்ப் வேண்டும். சி தேர்வுக்கு இரண்டு. வழக்கமாக எல்லாரும் போவது பத்து நாள் வருடாந்திரப் பயிற்சி முகாம், சி.ஏ.டி.சி. என்போம்.

இதில் நடக்கும் தவறு எப்போதும் ஒன்றேதான். முதல் கேம்ப் வரும்போது "அடுத்ததுக்குப் போய்க்கலாம்" என்று விடுவது. அடுத்த கேம்ப் செமஸ்டர் தேர்வோடு மோதும். அதற்கடுத்ததற்குக் கல்லூரிக்கு ஒதுக்கும் இடங்கள் குறைவாக இருக்கும். மூன்றாம் ஆண்டில் ஒரு கேம்ப் பாக்கி என்று அழுதுகொண்டு நிற்பார்கள். எனவே கிடைக்கிற முதல் கேம்ப்பில் ஏறிவிடுங்கள். அது எந்த ஊரில், சாப்பாடு எப்படி என்றெல்லாம் பார்க்க வேண்டாம்.

கேம்ப்புக்குப் பூட்டு போட்ட பெட்டி, தட்டு, டம்ளர், கொசுவலை, டார்ச், துணி காயப்போடக் கயிறு, கூடுதலாக இரண்டு ஜோடி சாக்ஸ் போதும். சாக்ஸ் ஈரமாக இருந்தால் மூன்றாம் நாளில் பாதம் புண்ணாகும். பிறகு துப்பாக்கி சுடும் முறை வரும்போது நீங்கள் மருத்துவக் கூடாரத்தில் இருப்பீர்கள்.

தேர்வில் எழுத்துத் தாளும் செய்முறையும் உண்டு. டிரில்லில் மதிப்பெண் எடுப்பவர்கள் வரைபடம் படிப்பதில் விடுகிறார்கள். கட்ட எண் சொல்லும்போது முதலில் கிழக்குப் பக்கமாகப் போகும் எண், பிறகு வடக்குப் பக்கம். மாற்றிச் சொன்னால் நீங்கள் குறிப்பது வேறு ஒரு மலை. நான்கு இலக்கம் ஒரு கட்டத்தைக் காட்டும், ஆறு இலக்கம் அந்தக் கட்டத்துக்குள் ஓர் இடத்தைக் காட்டும். அந்தக் கட்டத்தை மனதிலேயே பத்தாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். இதைத் தினமும் ஐந்து கணக்கு என்று ஒரு மாதம் போட்டால் போதும். துப்பாக்கியைப் பிரித்துப் பூட்டும் வரிசையை மனப்பாடம் செய்வதைவிடக் கையால் பத்து முறை செய்வதுதான் நிற்கும்.

சி தேர்வில் பாஸ் ஆவது மட்டும் இலக்கில்லை. சி கிரேடு வந்தால் அந்தச் சான்றிதழ் வேறு சில இடங்களில் உதவும், ஸ்பெஷல் என்ட்ரிக்கு உதவாது.

அப்புறம், கேடட்களிலேயே உயர்ந்த சீனியர் அண்டர் ஆபீசர் பதவி, சுருக்கமாக எஸ்.யு.ஓ. எஸ்.யு.ஓ. ஆகாவிட்டால் அதிகாரி ஆக முடியாது என்று ஒரு நம்பிக்கை ஓடுகிறது. அப்படி விதி எதுவும் இல்லை. டெல்லி குடியரசு தின முகாமுக்கும் இதே பதில்தான். கிடைத்தால் போங்கள், மிக நல்ல அனுபவம். ஆனால் அதற்கான தொடர் தேர்வு முகாம்களில் மாதக்கணக்கில் இருந்துவிட்டு நான்கு அரியரோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பட்டத்தில் 50 சதவீதம் இல்லையென்றால் அந்த அணிவகுப்புப் படம் வீட்டுச் சுவரில் மட்டும்தான் இருக்கும்.

6. விண்ணப்பம்

ஸ்பெஷல் என்ட்ரி வருடத்துக்கு இரண்டு முறை, ஏப்ரலிலும் அக்டோபரிலும் தொடங்கும் பயிற்சிகளுக்காக அறிவிக்கப்படும். ராணுவத்தின் ஆள்சேர்ப்பு இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பயிற்சி தொடங்கச் சில மாதங்கள் முன்பே விண்ணப்பம் முடிந்துவிடும் என்பதைக் கணக்கில் வையுங்கள். இறுதியாண்டில் இருப்பவர்களும் அதுவரையிலான மதிப்பெண் 50 சதவீதம் இருந்தால் விண்ணப்பிக்கலாம், பட்டத்தைப் பிறகு காட்ட வேண்டும்.

50 என்பது நுழைவாசல்தான். எழுத்துத் தேர்வு இல்லாததால், விண்ணப்பங்கள் குவிந்தால் மதிப்பெண்ணை வைத்து ஒரு கோடு போட்டு அதற்கு மேலே உள்ளவர்களை மட்டும் எஸ்.எஸ்.பி.க்கு அழைக்க ராணுவத்துக்கு உரிமை உண்டு. எனவே 51-ஐ வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்க வேண்டாம்.

இந்த ஒன்றை மட்டும் நம்பியும் இருக்காதீர்கள். முப்படை அதிகாரிகளுக்காக யு.பி.எஸ்.சி. நடத்தும் சி.டி.எஸ். எழுத்துத் தேர்வு வருடத்துக்கு இரண்டு முறை வருகிறது, அதையும் எழுதுங்கள். அதில் டேராடூனில் உள்ள இந்திய ராணுவ அகாடமிக்கான இடங்களில் தரைப்படைப் பிரிவு சி சர்டிபிகேட் வைத்திருப்பவர்களுக்கென்று 13 ஒதுக்கியிருக்கிறார்கள். எந்த வழியில் போனாலும் எஸ்.எஸ்.பி. ஒன்றேதான். தயாரிப்பு வீணாகாது.

7. எஸ்.எஸ்.பி.: ஐந்து நாள்

தரைப்படைக்கான தேர்வு மையங்கள் பிரயாக்ராஜ், போபால், பெங்களூரு, ஜலந்தர் ஆகிய ஊர்களில் உள்ளன. முதல் நாள் ஸ்கிரீனிங். ஒரு நுண்ணறிவுத் தேர்வு, பிறகு ஒரு படம். மங்கலான அந்தப் படத்தை 30 நொடி பார்த்து, நான்கு நிமிடத்தில் ஒரு கதை எழுதி, அதைக் குழுவில் சொல்லி, எல்லாரும் பேசி ஒரு பொதுக் கதைக்கு வர வேண்டும். வந்தவர்களில் பெரும்பகுதி அன்று மாலையே ரயில் ஏறுவார்கள்.

என் முதல் முறை நானும் ஏறினேன். படத்தில் இருந்தது வயல் ஓரம் நிற்கும் இருவர். நானோ பயிற்சி மையத்தில் மனப்பாடம் செய்த கதையை எடுத்து, அவர்களை வெள்ளத்தில் ஊரைக் காப்பாற்றும் ராணுவ மேஜர்களாக்கினேன். படத்தில் தண்ணீரே இல்லை. பார்ப்பதை எழுதுங்கள். யாருக்கு என்ன பிரச்சினை, என்ன செய்தார்கள், என்ன ஆயிற்று என்று போதும். குழுப் பேச்சில் எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். இரண்டு முறை நிதானமாக, கேட்கும்படி, முன்னால் பேசியவர் சொன்னதைத் தொட்டுப் பேசினால் போதும். ஆங்கிலம் தடுமாறினால் பரவாயில்லை, நடுவில் நின்றுவிடக் கூடாது. தமிழ் வழியில் படித்தவர்கள் இதற்கு ஆறு மாதம் முன்பே தினமும் ஒரு செய்தியை நண்பரிடம் ஆங்கிலத்தில் சொல்லிப் பழகுங்கள்.

தங்கியவர்களுக்கு அடுத்து உளவியல் தேர்வுகள். 12 படங்களுக்குக் கதை, கடைசியில் வருவது வெற்று அட்டை. 60 சொற்கள், ஒவ்வொன்றுக்கும் 15 நொடியில் ஒரு வாக்கியம். 60 சூழ்நிலைகள், அரை மணி நேரம். பிறகு உங்களைப் பற்றி நீங்களே எழுதுவது. இந்த வேகத்துக்குக் காரணம், யோசித்து நல்ல பிள்ளையாக எழுத நேரம் கொடுக்கக் கூடாது என்பதுதான்.

மைதானத்தில் குழுப் பணிகள் நடக்கும். பலகை, கயிறு, உருளையை வைத்துத் தடையைத் தாண்ட வேண்டும். சிவப்பு வண்ணம் அடித்த இடத்தைத் தொடக் கூடாது. யோசனை வரவில்லையென்றால் பலகையைப் பிடித்துக் கொடுங்கள், அதையும் குறித்துக்கொள்வார்கள். தனியாளாகத் தாண்டுவதற்குப் பத்துத் தடைகள், மூன்று நிமிடம். ஒன்று முதல் பத்து வரை மதிப்பெண் வெவ்வேறு. பெரிய எண்ணாகவும் பக்கத்துப் பக்கத்திலும் இருப்பவற்றை முன்பே பார்த்து, ஓடும் பாதையை மனதில் போட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் முதல் நாளில் நிரப்பும் தகவல் படிவம், பி.ஐ.க்யூ. நேர்காணல் அதிகாரி அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்பார். இரண்டாவது முறை நான் பொழுதுபோக்கு என்ற இடத்தில் கால்பந்து என்று எழுதினேன். ஆடியது பள்ளியில் ஒரு வருடம். ஆஃப்சைடு என்றால் என்ன என்று கேட்டார். அதற்குப் பிறகு அந்த அறையில் நான் சொன்ன உண்மைகளும் எனக்கே பொய்யாகக் கேட்டன. ஐந்தாம் நாள் அதிகாரிகள் கூடி முடிவெடுக்கும் கான்ஃபரன்ஸ் வரை போய், பெயர் வாசிக்காமல் திரும்பினேன்.

என்.சி.சி. பற்றியும் கேட்பார்கள்: உங்கள் பட்டாலியன், குரூப் தலைமையகம், போன கேம்ப்கள், என்ன துப்பாக்கியில் எத்தனை ரவுண்டு சுட்டீர்கள். மூன்று வருடம் இருந்துவிட்டு இதற்குத் திணறுபவர் டிபனுக்கு வந்தவர் என்று அவருக்குப் புரிந்துவிடும். உங்கள் மாவட்டத்தில் என்ன விளைகிறது, எந்த ஆறு ஓடுகிறது என்பதையும் தெரிந்துவையுங்கள்.

முதல் முறையாக வருபவர்களுக்கு ரயில் கட்டணம் திரும்பக் கிடைக்கும். டிக்கெட்டைக் கசக்கி எறியாதீர்கள்.

8. மருத்துவப் பரிசோதனையை முன்பே நீங்களே நடத்துங்கள்

எஸ்.எஸ்.பி.யில் ரெகமண்ட் ஆன பிறகு, அதாவது தேர்வாளர்கள் பரிந்துரைத்த பிறகு, ராணுவ மருத்துவமனையில் பரிசோதனை. ஆண்களுக்கு உயரம் 157.5 செ.மீ., பெண்களுக்கு 152 செ.மீ. குறைந்தபட்சம். உயரத்தை ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் காதில் அழுக்கு, சொத்தைப் பல், கூடுதல் எடை, மூக்குத் தண்டு வளைவு போன்றவற்றை முன்பே தெரிந்தால் சரிசெய்யலாம். விண்ணப்பம் போட்ட வாரமே அரசு மருத்துவமனையில் கண், காது மூக்கு தொண்டை, பல் மூன்றையும் காட்டிவிடுங்கள். நிறக்குருடு பரிசோதனையும் சேர்த்து.

பச்சை குத்துவது பற்றி: முழங்கை முதல் மணிக்கட்டு வரை உட்பக்கமும், புறங்கையும் மட்டும் ஏற்பார்கள். பழங்குடியினருக்கு அவர்கள் வழக்கப்படி விலக்கு உண்டு. நெஞ்சில் அம்மா பெயர் குத்தியிருந்தால் அம்மாவே வந்து சொன்னாலும் கேட்க மாட்டார்கள்.

9. அழைப்பு வந்த பிறகு

ரெகமண்ட் ஆகி, மருத்துவத்தில் தேறினாலும் மெரிட் பட்டியலில் பெயர் வர வேண்டும். அதன்பிறகே சேர்க்கைக் கடிதம். வருவதற்குள் வேலையை விட்டுவிடாதீர்கள்.

ஓ.டி.ஏ.யில் பயிற்சி 49 வாரம், மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகை. முடித்தால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதுநிலைப் பட்டயமும் கிடைக்கும். பணி குறுகிய காலப் பணி, 10 வருடம், மேலும் 4 வருடம் நீட்டிக்கலாம். பயிற்சியின்போது கல்யாணம் கூடாது. சொந்தக் காரணத்தால் நடுவில் விலகினால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும். இதை வீட்டில் முன்பே உட்காரவைத்துச் சொல்லுங்கள்.

போகும்போது உடம்பு எந்த நிலையில் இருக்க வேண்டும் என்று அவர்களே சொல்கிறார்கள்: ஆண்களுக்கு 2.4 கி.மீ. 10 நிமிடம் 30 நொடியில், 40 புஷ்-அப், 6 புல்-அப். பெண்களுக்கு 13 நிமிடம், 15 புஷ்-அப், 2 புல்-அப். நீச்சலும் தெரிந்திருக்க வேண்டும். நம் பிள்ளைகள் ஓட்டத்தில் சமாளித்துவிடுகிறார்கள், புல்-அப்பிலும் நீச்சலிலும்தான் தடுமாறுகிறார்கள். கிணறோ குளமோ பக்கத்தில் இருந்தால், நீச்சல் தெரிந்த ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு சேர்க்கைக் கடிதத்துக்கு முன்பே இறங்கிவிடுங்கள்.

சென்னைப் பிள்ளைகளுக்கு மட்டும் ஒன்று. அகாடமி கிண்டிக்குப் பக்கம்தானே, வாரம் ஒருமுறை வீட்டுக்குப் போய் வரலாம் என்று அம்மாவிடம் வாக்குக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள்.